சாம்பலா, சந்தனமா? சுவரைக் கேட்டுச் சொல்லுங்கள்

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. ஈசூனில் மறுவிற்பனையில் வாங்கிய நான்கறை வீட்டுக்குக் குடிபோகத் தயாராகிக் கொண்டிருந்தது ஒரு குடும்பம். கணவன், மனைவி, தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகள், கணவனின் தாயார் என நால்வர். சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்ற பேச்சு வந்ததும் மருமகள் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். எல்லாமே வெளிநாட்டு வீடுகள். இளஞ்சாம்பல் சுவர், பெரிய வெள்ளை ஜன்னல், அதன் அருகே ஒரு மர நாற்காலி.

"சாம்பல் கலர்ல தீபாவளியா?" என்றார் மாமியார்.

"இது சாம்பல் இல்ல அத்தை, நியூட்ரல் கலர். சோபா மாத்தினாலும் பொருந்தும், கர்ட்டன் மாத்தினாலும் பொருந்தும்" என்றார் மருமகள்.

மருமகள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கடையில் வண்ண அட்டையைப் பார்த்து, அழகான பெயர் கொண்ட ஓர் இளஞ்சாம்பலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறம் என்றால் செலவு குறையும் என்று குத்தகையாளர் சொல்ல, கதவு நிலைகளுக்கும் அதே சாம்பலைப் பூசிவிட்டார்கள். பகலில் வீடு பளிச்சென்று இருந்தது. இரவு ஏழரை மணிக்கு விளக்கைப் போட்டதும்தான் வரவேற்பறை முழுவதும் இலேசான கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது தெரிந்தது. பழைய உரிமையாளர் விட்டுச் சென்ற தரை ஓடுகள் அதுவரை யார் கண்ணையும் உறுத்தவில்லை. இப்போது அவை ரோஜா நிறத்தில் தெரிந்தன.

"ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு தம்பி" என்று தாயார் மகனிடம் சொன்னார். மகன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் கழித்து, நள்ளிரவில் குளியலறைக்குப் போக எழுந்த தாயார் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "கதவு எது, சுவர் எதுன்னு கண்ணுக்குத் தெரியலப்பா" என்று அவர் சொன்னபோது மகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டை மறுபடியும் பூசினார்கள். இரண்டாவது முறை தேர்ந்தெடுத்ததும் நடுநிலை நிறம்தான். ஆனால் தேர்ந்தெடுத்த விதம் வேறு. அந்த விதத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், "எதற்கும் பொருந்தும்" என்று நம்பி வாங்கப்படும் நிறங்களில்தான் மனக்குறையும் அதிகம். சிவப்போ பச்சையோ வாங்குகிறவர் பத்து முறை யோசிப்பார். வெள்ளையும் சந்தனமும் சாம்பலும் வாங்குகிறவர் யோசிப்பதில்லை.

டின்னுக்குள் என்ன இருக்கிறது?

நடுநிலை நிறம் என்பது சோறு மாதிரி. சாம்பாரோ மீன் குழம்போ, எதற்கும் சேரும். ஆனால் சோற்றிலும் பச்சரிசி, புழுங்கல், பாஸ்மதி என்று வகை உண்டல்லவா? சுவர் நிறத்திலும் அப்படித்தான். வெள்ளை, பால் வெள்ளை, சந்தனம், மணல் நிறம், சாம்பல், சாம்பலும் மணலும் கலந்த 'கிரேஜ்' எல்லாமே நடுநிலைதான். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சாயல் ஒளிந்திருக்கிறது.

கடையில் வண்ணம் கலக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அடிப்படைச் சாயம் உள்ள டின்னை அதன் கீழ் வைப்பார்கள். மேலிருந்து சில துளிகள் விழும். டின்னில் இருக்கும் வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டைஆக்சைடு. மேலிருந்து விழும் துளிகளில் பெரும்பாலும் கறுப்பு, மஞ்சள் காவி, செங்காவி ஆகியவை இருக்கும். வெள்ளையில் கறுப்பை மட்டும் சேர்த்தால் கிடைக்கும் சாம்பல் பெரும்பாலும் நீலம் தட்டும். கரியின் மிக நுண்ணிய துகள்கள் வெள்ளையோடு கலக்கும்போது வரும் இயல்பு அது. அந்த நீலத்தை அடக்க மஞ்சள் காவி சேர்ப்பார்கள். காவி கூடக் கூட சாம்பல் மணல் நிறத்தின் பக்கம் நகரும். செங்காவி சேர்ந்தால் ரோஜா சாயல் வரும். ஈசூன் குடும்பம் வாங்கிய சாம்பலில் நீலமும் சிவப்பும் சிறிது சிறிது இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கத்தரிப்பூதானே!

இந்தச் சாயலைக் கடையிலேயே கண்டுபிடிக்க இரண்டு சுலபமான வழிகள் உண்டு. வண்ண அட்டையில் ஒரே பட்டையில் ஐந்தாறு நிறங்கள் மேலிருந்து கீழாக அடர்ந்துகொண்டே போகும். உங்களுக்குப் பிடித்தது மேலே உள்ள மிக இலேசான நிறமாக இருக்கலாம். கண்ணைக் கீழே இறக்கி, ஆக அடர்த்தியான நிறத்தைப் பாருங்கள். அது பச்சையா, ஊதாவா, பழுப்பா என்பது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அதன் தம்பிதான் மேலே இருக்கிறது. இன்னொரு வழி, வெறும் வெள்ளைத் தாள் ஒன்றை அட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தனியாகப் பார்க்கும்போது 'வெள்ளை' என்று சாதித்த நிறம், தாளின் பக்கத்தில் மஞ்சளாகவோ சாம்பலாகவோ மாறிவிடும்.

பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணை இப்படி ஏமாற்றுவது புதிய செய்தி அல்ல. பாரிசில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. மிஷெல் செவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர் 1824ல் அங்கே சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்ததில் கறுப்புச் சாயத்தில் குறை எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. இதை ஆராய்ந்து 1839ல் அவர் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். நம் வீட்டில் சுவர் நூல் என்றால், தரை ஓடுதான் பக்கத்து நூல்.

முதலில் குனிந்து பாருங்கள்

ஆகவே சுவரின் நிறத்தைத் தரையிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். சோபாவை மாற்றலாம். திரைச்சீலையை ஒவ்வொரு தீபாவளிக்கும் மாற்றலாம். தரை ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். செலவும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும்.

பழைய வீவக வீடுகளில் ரோஜா அல்லது மஞ்சள் கலந்த மணல் நிற ஓடுகளையும், பளிங்கையும், சிறு கற்கள் பதித்த டெராசோ தரையையும், படுக்கையறையில் மரக்கட்டை பார்க்கேயையும் இன்னும் காணலாம். இவை எல்லாம் பெரும்பாலும் வெம்மையான நிறங்கள். இவற்றின் மேல் நீலம் தட்டும் சாம்பல் சுவர் எழுந்தால் தரை பழசாகவும் அழுக்காகவும் தெரியும். சுவரும் தனியாகக் குளிர்ந்து நிற்கும். இப்படிப்பட்ட தரைக்குச் சந்தனம் கலந்த வெள்ளையோ மஞ்சள் காவி சேர்ந்த கிரேஜோதான் இணங்கிப் போகும். புதிய பிடிஓ வீடுகளில் சாம்பல் நிற போர்சிலின் ஓடு போட்டவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அங்கே மஞ்சள் தூக்கலான கிரீம் பூசினால் சுவர் வெயிலில் பழுத்த பழைய காகிதம் போலத் தெரியும்.

தரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. சமையலறை அலமாரிக் கதவுகள், மேடைக் கல், கதவுகளின் மர நிறம் ஆகியவையும் சீக்கிரத்தில் மாறாதவை. இவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லாமல், கடையில் நின்றபடி நிறம் தேர்ந்தெடுப்பது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் கல்யாண மண்டபம் பதிவு செய்வது போலத்தான்.

நம் ஊர் வெயிலும் நம் வீட்டு விளக்கும்

வெளிநாட்டு இதழ்களைப் படிப்பவர்கள் ஒரு அறிவுரையை அடிக்கடி பார்த்திருப்பார்கள். வடக்குப் பார்த்த அறைக்கு வெம்மையான நிறம், தெற்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த நிறம் என்பது அது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது பொருந்தும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழுவதில்லை. சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே போய்விடுகிறது. வடக்கு ஜன்னலுக்கும் தெற்கு ஜன்னலுக்கும் நம் ஊரில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த அறிவுரையை இங்கே கொண்டுவந்து பின்பற்றியவர்கள் வீணாகத் தலையை உடைத்துக்கொண்டார்கள்.

இங்கே வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில்தான். மேற்குப் பார்த்த வரவேற்பறையில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து சூரியன் ஏழு மணிக்கு மறையும் வரை ஆரஞ்சு கலந்த வெயில் அடிக்கும். அந்த அறைக்கு மஞ்சள் கலந்த சந்தனம் பூசினால் மாலையில் சுவர் மாம்பழமாகிவிடும். நிறத்தின் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. கிழக்கு அறையில் பளிச்சென்ற காலை வெயில் சீக்கிரமே முடிந்துவிடும். பிற்பகலில் அறை மந்தமாகும் என்பதால் அங்கே சற்று வெம்மையான நிறம் நன்றாக இருக்கும்.

பொது நடைபாதையை ஒட்டிய அறையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே வெயிலே வராது. நடைபாதைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் ஜன்னல் வழியே வருகிறது. ஜன்னலுக்கு வெளியே மழைமரம் இருந்தால் அறைக்குள் பச்சைச் சாயல் விழும். எதிர் புளோக் பத்து மீட்டரில் இருந்தால் அதன் நிறம் விழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நகர மன்றம் புளோக்குகளுக்குப் புதுச் சாயம் பூசுகிறது. எதிர் புளோக் வெள்ளையிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறினால் உங்கள் அறையின் நிறமும் சற்று மாறும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது!

இவ்வளவும் பகல் கதை. வேலைக்குப் போகிற குடும்பம் வீட்டில் ஒன்றாக இருப்பது பெரும்பாலும் இரவில்தான். இரவில் சுவரின் நிறத்தை முடிவு செய்வது விளக்கு. விளக்குப் பெட்டியின் மேல் 'கே' என்ற எழுத்தோடு ஓர் எண் போட்டிருப்பார்கள். கெல்வின் என்ற அளவு அது. 2,700 முதல் 3,000 வரை என்றால் மஞ்சள் ஒளி. 4,000 சுமாரான வெள்ளை. 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, நமக்குப் பழக்கமான 'டே லைட்'. பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு 6,500தான் 'நல்ல வெளிச்சம்'. மஞ்சள் விளக்கு போட்டால் "இருட்டா இருக்கே" என்போம். ஈசூன் வீட்டிலும் 6,500 விளக்குதான் இருந்தது. நீலம் தட்டும் சாம்பல் சுவரில் நீலம் தட்டும் ஒளி விழுந்தது. மருமகள் படத்தில் பார்த்த வீட்டில் பகல் வெளிச்சமோ மஞ்சள் விளக்கோ இருந்திருக்கும்.

சுவரை மறுபடி பூசுவதற்கு முன்னால் விளக்கை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. மூன்று நிற எல்இடி விளக்கு பல வீடுகளில் இப்போது இருக்கிறது. சுவிட்சைத் தட்டத் தட்ட மஞ்சள், இளமஞ்சள், வெள்ளை என்று மாறும். சுவர் மூன்றிலும் சகித்துக்கொள்ளும்படி இருந்தால் அது நல்ல நடுநிலை நிறம். விளக்குப் பெட்டியில் 'சிஆர்ஐ' என்ற இன்னோர் எண்ணும் இருக்கும். நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில், பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று அது சொல்லும். வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 80. சில வெள்ளி கூடக் கொடுத்தால் 90க்கு மேல் கிடைக்கும். பட்டுப்புடவையின் நிறம் கடையில் ஒன்றாகவும் வீட்டில் ஒன்றாகவும் தெரிகிறதே என்று குறைப்பட்டவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

அட்டையின் பின்னால் ஓர் எண்

பல நிறுவனங்களின் வண்ண அட்டைகளில் எல்ஆர்வி என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். அட்டையில் இல்லாவிட்டால் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தன் மேல் விழும் வெளிச்சத்தில் அந்த நிறம் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதே அதன் பொருள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. கடையில் கிடைக்கும் பளீர் வெள்ளை 85க்கு மேல் இருக்கும். பால் வெள்ளை வகைகள் 75, 80ஐ ஒட்டி இருக்கும். கிரேஜ், மணல் நிறங்கள் பெரும்பாலும் 55க்கும் 70க்கும் இடையில். 50க்குக் கீழே போனால் நம் வீவக வீடுகளின் சிறிய அறைகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும். கூரை உயரம் ஏறக்குறைய 2.6 மீட்டர்தான் என்பதால் கூரைக்கு வெள்ளையை விட்டுவிடுவதே நல்லது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 85 போட்டுவிடலாமே என்று கேட்கலாம். மேற்கு வெயில் அடிக்கும் அறையில் பளீர் வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். வெயில் வராத அறையில் அதே வெள்ளை, வெளிச்சமே இல்லாததால், அழுக்குச் சாம்பலாகத் தெரியும். வெள்ளை வாங்கினால் தப்பு நடக்காது என்பது பரவலான நம்பிக்கை. நடைபாதையை ஒட்டிய படுக்கையறையில் அந்த நம்பிக்கை செல்லாது.

இந்த எண்ணுக்கு இன்னொரு முக்கியமான பயன் இருக்கிறது. மூத்தோர் இருக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. கண்மணியும் சுருங்குகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று சொல்வார்கள். கண்புரை இருந்தால் இன்னும் குறையும். இளையவர்களுக்கு 'மென்மையாக' தெரியும் இரு நிறங்களின் வேறுபாடு அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சுவர், கதவு நிலை, தரை, மின்விசை எல்லாம் ஒரே மாதிரி இளநிறத்தில் இருந்தால், மூத்தவருக்கு அறை ஒரு மூடுபனி.

பிரிட்டனின் கட்டட வடிவமைப்புத் தர வழிகாட்டியான பிஎஸ் 8300, பார்வை குறைந்தவர்களுக்காக ஓர் அளவு சொல்கிறது. சுவருக்கும் தரைக்கும், சுவருக்கும் கதவுக்கும் இடையில் எல்ஆர்வி வேறுபாடு 30 புள்ளி இருக்க வேண்டும் என்பது அது. சுவர் 70 என்றால் கதவு நிலை 40 அல்லது அதற்குக் கீழே. நடுத்தரப் பழுப்போ அடர்ந்த சாம்பலோ அதற்குப் போதும். வீட்டின் அழகு கெடாது. உண்மையில், மரநிறக் கதவு நிலையோடு இருந்த பழைய வீடுகளில் இந்த வேறுபாடு தானாகவே இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் மூடிய பிறகுதான் சிக்கல் வந்தது. வீவகவின் 'ஈஸ்' திட்டம் 2012லிருந்து மூத்தோர் வீடுகளில் கைப்பிடிகளும் சாய்தளங்களும் அமைத்துக் கொடுக்கிறது. அப்படிப் போட்ட கைப்பிடி அதன் பின்னால் இருக்கும் சுவரோடு கரைந்து போனால் பிடிப்பதற்குக் கை தேட வேண்டியிருக்கும்.

சுவரில் அல்ல, அட்டையில் பூசுங்கள்

நிறம் இரண்டு மூன்றாகச் சுருங்கிய பிறகு என்ன செய்வது? பலர் சுவரிலேயே கையளவு தீட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒரு குறை இருக்கிறது. புதிய நிறத்தைச் சுற்றிப் பழைய நிறம் நிற்பதால், செவ்ரோல் கண்ட அதே ஏமாற்றம் நடக்கும். அதைவிட, பெரிய வெள்ளை அட்டை ஒன்றை வாங்கி, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக விட்டு, நடுவில் இரண்டு கை பூசிக் காய வையுங்கள். ஈரத்தில் சாயம் வேறு நிறம், காய்ந்த பிறகு வேறு நிறம். ஒரு கை மட்டும் பூசிய அட்டையும் பொய் சொல்லும்.

அந்த அட்டையை வீடு முழுவதும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தரையை ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரிலும், அதற்கு எதிர்ச் சுவரிலும் வையுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரியாது. காலை எட்டு மணி, மாலை ஐந்து மணி, இரவு ஒன்பது மணி என்று மூன்று வேளையும் பாருங்கள். மழை பெய்யும் நாளில் ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. இரவு ஒன்பது மணிக்குப் பிடிக்காத நிறம் எதுவாக இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

வீடு முழுவதும் ஒரே நிறம் சலிப்பாக இருக்குமோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. வண்ணம் கலக்கும் கடைகளில், தேர்ந்தெடுத்த நிறத்தை அரைப் பங்கு அடர்த்தியில் கலந்து தரச் சொல்லலாம். வரவேற்பறைக்கு முழு அடர்த்தி, வெளிச்சம் குறைந்த அறைக்குப் பாதி என்று பூசினால், ஒரே குடும்பத்து நிறங்கள் சண்டை போடாமல் இருக்கும். ஆனால் பாதி அடர்த்தி சரியாகப் பாதியாகத் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்கும் ஓர் அட்டை பூசிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பது எளிய கணக்கு. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை என்றால் சுவர்களின் சுற்றளவு 14 மீட்டர். உயரம் 2.6 மீட்டரால் பெருக்கினால் 36 சதுர மீட்டருக்குச் சற்று மேல். கதவு ஜன்னல் போக 31 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கைக்கு 62. ஒரு லிட்டர் ஒரு கைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் வரை வரும். ஆக, 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் ஒன்றும் போதும். பெரிய அறைக்கு இரண்டு டின் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரு வாளியில் சேர்த்துக் கலந்த பிறகே பூசச் சொல்லுங்கள். இயந்திரம் கலந்தாலும் டின்னுக்கு டின் மயிரிழை வேறுபாடு வரலாம். இளநிறங்களில் அது சுவரின் நடுவே கோடாகத் தெரிந்துவிடும்.

நிறம் ஒன்றாக இருந்தாலும் பளபளப்பு வேறாக இருக்கலாம். பளபளப்பே இல்லாத 'மேட்' வகை சுவரின் மேடு பள்ளங்களை மறைக்கும். பழைய வீட்டுச் சுவருக்கு அதுதான் கருணை காட்டும். ஆனால் அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் மினுமினுக்கும். நம் வீடுகளில் சாமி மேடை இருக்கிறது. எண்ணெய் விளக்கின் கரியும் சாம்பிராணிப் புகையும் மேலே உள்ள சுவரில் படியும். சந்தன நிறமோ வெள்ளையோ, கரிக்கு எல்லாம் ஒன்றுதான். அந்தச் சுவருக்கும் சமையலறையின் ஓடு போடாத பகுதிக்கும் அதே நிறத்தில் கழுவக்கூடிய, சற்றே பளபளப்பான வகையை வாங்குவது நல்லது. விளக்குக்கு மேலே ஒரு கண்ணாடித் தகடு பொருத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் வசதி. நம் காற்றின் ஈரப்பதத்துக்குக் குளியலறைக் கூரையில் பூஞ்சணம் எதிர்க்கும் சாயம் தேவை. அங்கே நிறத்தைப் பற்றிய விவாதமே வேண்டாம்.

கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கும் வீட்டில் வாடை குறைந்த, ஆவியாகும் இரசாயனங்கள் குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டின் உட்புறத்துக்குப் பூசும் சாயங்களில் ஃபார்மால்டிஹைட் அளவுக்குச் சிங்கப்பூர் 2026 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. முன்பு வாங்கி வீட்டில் கிடக்கும் பழைய டின் அதற்கு முந்தியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஈசூன் குடும்பத்துக்கு வருவோம். இரண்டாவது முறை அவர்கள் கடைக்குப் போகும்போது, சமையலறை மூலையில் கிடந்த உடைந்த தரை ஓட்டுத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார்கள். மஞ்சள் காவி தூக்கலாக இருந்த கிரேஜ் நிறங்கள் மூன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூன்றுக்கும் அட்டை பூசினார்கள். அட்டைகள் ஒரு வாரம் வரவேற்பறையில் சாய்ந்து கிடந்தன. மகள் அவற்றுக்குப் பெயர் வைத்தாள். தே, கோப்பி, மைலோ. இரவு விளக்கிலும் பிடித்திருந்தது 'தே'தான். எல்ஆர்வி 68. கூரைக்கு வெள்ளை. 6,500 விளக்குக்குப் பதில் 4,000 போட்டார்கள். கதவு நிலைகளுக்கு மரப்பட்டை நிறப் பழுப்பு. தாயாரின் அறை மின்விசைகளைச் சுற்றியும் அதே பழுப்பில் ஒரு பட்டை.

மீதமிருந்த சாயத்தை ஒரு சிறு டின்னில் ஊற்றி மூடி, அதன் மேல் நிறத்தின் குறியீட்டு எண்ணையும் தேதியையும் அறையின் பெயரையும் எழுதி வைத்தார்கள். பூசிய பெயிண்ட்டர் சொன்ன யோசனை அது. "அடுத்த வருஷம் கறை பட்டா நிறத்தோட பேர் ஞாபகம் இருக்காதுக்கா. நம்பர் இருந்தா போதும்" என்றாராம்.

தீபாவளிக்கு முந்திய இரவு மருமகள் சிவப்பும் பொன்னிறமுமான திரைச்சீலையை மாட்டிவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தார். அவர் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கர்ட்டன் ரெண்டு விரக்கடை நீளம். தரையில இழுபடுது பாரும்மா" என்றார்.